வாசனை இல்லாத தைலம்

முழங்காலின் உள்பக்கமாகக் கட்டைவிரலை அழுத்தி மேலே இழுத்துக்கொண்டு வந்த ராணி, பாதியில் நிறுத்தி, முகத்தைத் திருப்பித் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "பழசே பரவால்ல அண்ணி. இது கண்ணைப் பிடுங்குது," என்றாள். "நேத்து கீழ சரோஜாக்கா கேக்கறாங்க, ஏம்மா மாடியில மருந்துக் கம்பெனி ஏதாச்சும் ஆரம்பிச்சிட்டீங்களான்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த பிறகுதான் அவள் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்தது. அவள் எழுந்து போகும்வரை காத்திருந்து, புறங்கையை முழங்காலில் ஒற்றி எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். இழுத்தேன். மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி போனது, கண்ணோரம் லேசாக எரிந்தது, அவ்வளவுதான். வாசனை என்று எதுவும் இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். வெறும் சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. நான் வழக்கமாகப் போடுகிற பச்சை பாட்டில் தைலம் ஊரடங்கில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்று என் தம்பி, ராணியின் கணவன் பாஸ்கர் இந்த வெள்ளை ட்யூபை வாங்கி வந்தான். முந்தாநாள் முதன்முதலாக இதைத் தேய்த்தபோது வாசனையே வரவில்லை. வாசனை இல்லாத தைலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏன் நினைக்கக் கூடாது? முடக்குவாதம் வந்த நாளிலிருந்து நான் அந்த வாடைக்குள்தான் குடியிருக்கிறேன். தலையணையில் அது, தண்ணீர்ச் சொம்பில் அது, இட்லியைப் பிட்டால் இட்லியில் அது. ராணியின் தங்கை ஒருமுறை கைக்குழந்தையோடு வந்தவள் வாசலிலேயே நின்று, "யாருக்குச் சளி பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் என் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. யாரும் வராத நாளிலும் மெல்ல மெல்ல அப்படியே ஆகிவிட்டது. ஆனால் இந்த இரண்டு நாளும் வந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். ராணியிடம், கூச்சமே இல்லாமல், முதுகிலும் கொஞ்சம் தேயேன் என்றேன், கழுத்திலும் தேயேன் என்றேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தேய்த்தாள். நான் அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மூச்சுவிட்டுக்கொண்டு, இந்தத் தைலம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, இதையே இனி வாங்கச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவள் ட்யூபை மூடி வைத்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

குளியலறையில் அவள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற சத்தம். நெடுநேரம் கழுவுகிறாள். வாடை போவதற்காகத்தான் கழுவுகிறாள், வேறு எதற்காகவும் இல்லை. இன்று அவள் ஊருக்குப் போகிறாள். திண்டிவனம் தாண்டி உள்ளே, அவள் அப்பா படுத்திருக்கிறார். சிறுநீரகம் போய்விட்டது. இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். பாஸ்கர் போனில் விண்ணப்பித்தான், நிராகரித்தார்கள். டாக்டர் சீட்டைப் படம் பிடித்துச் சேர்த்தான், எழுத்து தெளிவாக இல்லை என்று மறுபடியும் நிராகரித்தார்கள். நேற்று சாயங்காலம்தான் வந்தது. அதுவும் இன்றைய தேதிக்கு மட்டும். பாஸ்கர் நண்பனின் காரை எடுத்துவரப் போயிருக்கிறான். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். அவள் அங்கே இருப்பாள். எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்கு வாயில் தண்ணீர் ஊற்றுவாள், நெஞ்சைத் தடவிவிடுவாள், காதோடு வாய் வைத்துப் பேசுவாள். ஏற்கெனவே ஒரு நூல் அளவுக்குத்தான் மூச்சு இருக்கிற மனிதர். என் முழங்காலைத் தேய்த்த அதே கை. நான் சொல்லாவிட்டால் அந்தக் கையோடு நோயும் அங்கே போய்விடும். சொன்னால் அவள் போக மாட்டாள், அப்பாவைப் பார்க்க மாட்டாள், பிறகு எப்போதும் பார்க்க முடியாது. சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது. கீழே தரைத்தளத்தில் அந்தப் பெண்ணின் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. கார்ப்பரேஷனிலிருந்து தினமும் காலையில் வருகிறவள். நர்மதா என்று பெயர். கல்யாணமானவள், நல்ல உயரம், முகத்துக்கு மேலே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரே ராகத்தில் கேட்பாள். காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, இருமல் இருக்கா, தொண்டை வலி, உடம்பு வலி, மூச்சு வாங்குதா. இப்போது கடைசியாகப் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். வாசனை தெரியுதா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிவந்த வாய், அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் தெரியுது என்று மாற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் ராணி அதற்கும் பழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

உடம்பு வலி என்ற கேள்விக்கு நான் தினமும் இல்லை என்றுதான் சொல்கிறேன். அது பொய்யா? அவர்கள் கேட்கிற வலி வேறு, என் வலி வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? காலையில் கண் விழிக்கும்போதே விரல் முட்டிகளில் யாரோ சுத்தியல் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அது வழக்கம். முந்தாநாள் அது தோள்வரைக்கும் ஏறியிருந்தது. காற்று மாறியிருக்கும், மழை வரப்போகிறது என்றேன். மழை வரவில்லை. நாக்கில் சுரணை இல்லை. மாத்திரையால் நாக்கு மரத்துவிட்டது என்றேன். அது முன்பும் நடந்திருக்கிறது. களைப்பாக இருந்தது. எனக்கு எப்போது களைப்பு இல்லை? காய்ச்சல் இல்லையே என்று கேட்டால், மூன்று வேளையும் வலி மாத்திரை விழுங்குகிறவளுக்குக் காய்ச்சல் எப்படி வெளியே தெரியும்? இதைப் பழைய டாக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பல்லில் சீழ் வைத்து முகம் வீங்கிப் போனபோது, அம்மா, உங்க மாத்திரை உள்ளுக்குள்ள ஜுரத்தை அமுக்கி வச்சிடும், நீங்க சூட்டை நம்பாதீங்க என்றார். நர்மதா நெற்றிக்கு நேரே அந்தச் சூடு பார்க்கிற துப்பாக்கியை நீட்டிப் பார்த்துவிட்டு, நார்மல் மா என்று சொல்லும்போதெல்லாம் நான் பரீட்சையில் பாஸான மாதிரி சந்தோஷப்பட்டிருக்கிறேன். என் உடம்பில் எதற்கும் ஒரு பழைய காரணம் தயாராக இருக்கிறது. புதிதாக ஏதாவது வந்தால் அது வந்து உட்கார நாற்காலி இல்லை. வந்தாலும் பழையதுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். இப்போது யோசிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதுவும் அதுவா? மூச்சு வாங்குகிறதா, பயத்தில் மூச்சு வாங்குகிறதா? மார்ச் மாதம், ஊரடங்கு போட்ட புதிதில், இப்படித்தான் மூச்சு அடைத்தது. செத்துப்போகப் போகிறேன் என்று பாஸ்கரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் எங்கேயோ அலைந்து ஒரு ஆட்டோ பிடித்தான். வழியில் போலீஸ் நிறுத்தினார்கள், லத்தியை ஓங்கினார்கள், அவன் என் விரல்களைத் தூக்கிக் காட்டினான், கோணிப்போன என் விரல்களை ஒரு அடையாள அட்டை மாதிரி. ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தி, மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிய, இது பயம்தான், வேற ஒண்ணுமில்ல, நியூஸ் பாக்காதீங்க என்று அனுப்பினாள். திரும்பி வரும்போது பாஸ்கர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அன்றிலிருந்து நான் ஏதாவது சொன்னால் அவனும் ராணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு நொடிதான், அதற்குமேல் இல்லை. பிறகு இரண்டு பேரும் என்னிடம் ரொம்ப அன்பாகப் பேசுவார்கள்.

"ராணி," என்று கூப்பிட்டேன். "இந்தா வரேன் அண்ணி," என்று சமையலறையிலிருந்து குரல். கூப்பிட்டது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வந்து நின்றாள். ஊருக்குப் போகிற புடவை கட்டியிருக்கிறாள், நீலத்தில் சின்னப் பூ. "கொஞ்சம் காபி போடறியா?" என்றேன். "இப்பத்தானே குடிச்சீங்க?" என்றாள். பிறகு, "சரி, போறதுக்கு முன்னாடி ஒரு காபி, குடிங்க," என்று போனாள். காபி வந்தால் தெரிந்துவிடும். காபி தெரிந்தால் எல்லாம் தெரியும். ஒரு ஓரமாகத் தெரிந்தால்கூடப் போதும். மலேரியாவுக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைத்தான் எனக்கும் மூட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஏப்ரலில் அது கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பாஸ்கர் வெயிலில் ஒவ்வொரு மெடிக்கலாக ஏறி இறங்கினான். அந்த வாரங்களில் எனக்குக் கை வீங்கி, டம்ளரைக்கூட ராணிதான் வாயில் வைத்தாள். தலை வாரினாள். பாவாடை நாடாவைக் கட்டினாள். நான் டைப்பிஸ்டாக இருந்தவள், ஒரு வக்கீலின் ஆபீஸில் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளிய விரல்கள் இவை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பேன், அவள் ம் கொட்டிக்கொண்டே நாடாவில் முடிச்சுப் போடுவாள். ஒரு தடவை, "உங்க கையைவிட வாய் நல்லா டைப் அடிக்குது அண்ணி," என்றாள். அதற்கு நாங்கள் ரொம்ப நேரம் சிரித்தோம். அவள் இல்லாமல் எனக்கு எப்படி? இதைத்தான் நேற்று யோசித்தேன். இ-பாஸ் வந்துவிட்டது என்று பாஸ்கர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது, ராணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதபோது, நான் நல்லதும்மா நல்லதும்மா என்று சொல்லிக்கொண்டே, இன்னொரு தடவை நிராகரித்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேன், ஆமாம். வாய் நல்லது என்றது, உள்ளே அது ஓடியது. கழிவறையில் என்னைத் தூக்கி நிறுத்தத் தம்பியைக் கூப்பிட முடியுமா? குளிக்க வைக்கச் சரோஜா காலையில் ஒருமுறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை. அவளுக்கும் இதை ஒட்டிவிடுவேன். இல்லை, நான் சொல்லவந்தது அது இல்லை. நான் சொல்லவந்தது, ராணி போகக் கூடாது என்று நேற்று நினைத்தவளுக்கு இன்று மூக்கு போனால், அதை யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. இந்த உடம்பு இத்தனை வருடமாக என்னோடு வாழ்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும். கேட்காமலே செய்துகொடுக்கும். மார்ச்சில் மூச்சை நிறுத்திக் காட்டவில்லையா?

காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு ராணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அவள் அம்மா. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மாற்றுப் புடவைகளை மடித்தாள். "கெளம்பிட்டியா?" "அவரு வண்டி எடுக்கப் போயிருக்காரும்மா. சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துடுவோம்." "ஒண்ணுமே எறங்கல அவருக்கு. நேத்தெல்லாம் செல்வராணி எங்க, செல்வராணி எங்கன்னுட்டு. இந்தா பக்கத்துல வந்துட்டாங்கறேன். வாசலையே பாக்கறாரு." "பாலாவது குடிக்கச் சொல்லும்மா. நான் வந்து ஊட்டறேன்னு சொல்லு." "ஒங்க அண்ணிக்கு யாரு இருக்கா?" என்றாள் அந்த அம்மா. ராணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்து, "அவங்கதான் போ போன்னு வெரட்டறாங்க," என்றாள். நான் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினேன். ஆவி முகத்தில் பட்டது. சூடு பட்டது. மூக்கை டம்ளருக்குள் விட்டு இழுத்தேன். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது மாதிரி, ஆவி இருக்கிறது, பால் இருக்கிறது, நிறம் இருக்கிறது. காபி இல்லை. ஒரு வாய் குடித்தேன். வெந்நீர். ராணி, சர்க்கரை போதுமா என்று கண்ணால் கேட்டாள். தலையை ஆட்டினேன். இப்போது சொல்லியிருக்க வேண்டும். போனில் அந்த அம்மா இருந்தாள், அதனால் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு, அவள் எழுந்து போய்விட்டாள், அதனால் சொல்லவில்லை. முதல் மாடியில் சரோஜா வீட்டு வாசலில் நர்மதாவின் குரல் ஏறிவந்துவிட்டது. "இருமல் இருக்காக்கா?" "எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கு. பீடி இருமல். எழுதிக்கறியா?" "யக்கா, சீரியஸா கேக்கறேன்க்கா." "நானும் சீரியஸாதான் சொல்றேன். கூட்டிட்டுப் போறியா? பதினாலு நாளு நான் நிம்மதியா இருப்பேன்." இருவரும் சிரிக்கிறார்கள். படிக்கட்டு முழுவதும் சிரிப்பு எதிரொலிக்கிறது.

கூட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் முன்னால் தகரம் அடித்தார்கள், ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் ஓரம் தெரியும். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது மாடிகளில் எல்லோரும் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். ஒரு கல்லூரியில் கட்டில் போட்டிருக்கிறார்களாம், உட்காருகிற கழிவறை கிடையாதாம், கீழே குந்திப் போக வேண்டுமாம். என்னால் குந்த முடியாது. குந்தினால் எழ முடியாது. அங்கே யாரைக் கூப்பிடுவேன்? யோசித்துப் பார்த்தால், சொல்லாமல் இருப்பதும் எனக்காகத்தான் என்று ஆகிறது. சொன்னால் ராணி என்னோடு இருப்பாள் என்பதற்காகச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் என்னை எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், முழங்காலை நீட்டிக்கொண்டு, தேயுங்கள் என்று. நானாக எங்கேயும் போகாதவள், எனக்கு இது எங்கிருந்து வந்திருக்கும்? பாஸ்கர் கூரியர் குடோனுக்குப் போகிறான், ராணி கடைக்குப் போகிறாள், அவர்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். மாத்திரைக்காக நின்ற வரிசையில் வந்திருக்கும். அப்படியானால் அதுவும் எனக்காக நின்ற வரிசைதான். ராணிக்கு ஏற்கெனவே இருந்தால்? அவளுக்குத்தான் வாசனை தெரிகிறதே. தெரிந்தால் இல்லை என்று அர்த்தமா? டிவியில் ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். எனக்கு மூக்கடைப்பாக இருக்கலாம். தூசி. போன தீபாவளிக்கும் ஒரு நாள் இப்படி இருந்தது, இல்லையா? இருந்தது. இல்லை, அது சளி. சளி பிடித்தபோது மூக்கு அடைத்திருந்தது, இப்போது காற்று இரண்டு துவாரத்திலும் தாராளமாகப் போகிறது, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. பாஸ்கர் வந்துவிட்டால் அவனிடம் சொல்லலாம். அவன் ராணியைப் பார்ப்பான், ராணி அவனைப் பார்ப்பாள். அண்ணிக்கு நான் போறது பயமா இருக்கு, அதான், என்பாள் அவள். அன்பாகச் சொல்வாள். என் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவாள். அது நடந்தால் நான் சொன்னவளாகவும் ஆவேன், அவள் போனவளாகவும் ஆவாள். அப்படி ஒரு வழி இருக்கிறது. அதை நினைத்ததும் எனக்கு உடம்பு லேசானது. லேசானதை உணர்ந்ததும் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

செருப்புச் சத்தம் எங்கள் மாடிக்கு வந்து நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. என் அறையிலிருந்து வாசலின் பாதி தெரியும். நர்மதாவின் ஒரு கையும், அட்டையும், பிளாஸ்டிக் தடுப்பில் படிக்கட்டு ஜன்னலின் வெளிச்சமும் தெரிந்தன. "பாஸ்கர், செல்வராணி, கனகவல்லி. மூணு பேர்தானேக்கா? காய்ச்சல்?" "இல்ல." "சளி, இருமல்?" "இல்லம்மா, இல்ல." "எங்கக்கா, புதுப் புடவையெல்லாம்?" "அப்பாவுக்கு முடியல. பாஸ் கெடைச்சிடுச்சு." "ஐயோ. சீக்கிரம் போங்கக்கா. செங்கல்பட்டுல நிறுத்துவாங்க, பேப்பரைக் கையிலயே வச்சுக்கோங்க. உடம்பு வலி?" "அது எங்க அண்ணிக்கு எப்பவும் இருக்கறதுதானே. அது இல்லன்னாதான் உங்களுக்குச் சொல்லணும்." நர்மதா சிரித்துக்கொண்டே எதையோ குறித்தாள். "வாசனை தெரியுதா?" "நல்லாக் கேட்டீங்க. படியேறும்போது உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே." "ஆமாக்கா, மாஸ்க்கத் தாண்டி வருது. எங்கம்மாவும் இதான் போடுவாங்க." என் பக்கம் குனிந்து, "வரேன் மா," என்று கையை ஆட்டினாள். நானும் கையைத் தூக்கினேன். அவள் மூன்றாவது மாடிக்கு ஏறத் தொடங்கிவிட்டாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே போனது. என் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. எல்லாவற்றையும் ராணியே சொல்லிவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இதை ஒரு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ளலாம். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த அம்மா சொன்னது திடீரென்று கேட்டது. வாசலில் ராணி வந்து நிற்பாள். அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் குனிவாள்.

"எனக்கு வரல," என்றேன். "என்ன அண்ணி?" "வாசனை. எனக்கு வரல ராணி. இந்தத் தைலம், காபி, எதுவும். இந்த ட்யூப் வந்ததுலேர்ந்து." அவள் வாசலிலிருந்து என் அறை நிலைப்படிக்கு வந்து நின்றாள். வழக்கம் போலத் திரும்பி யாரையோ பார்க்கப் போனாள், பாஸ்கர் இல்லை. "இன்னைக்குத்தான் சொல்லணுமா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." "காலையில நான் தேய்ச்சப்போ தெரிஞ்சுதா?" "ம்." "அப்பறம் காபி கேட்டீங்க." "ம்." நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா உங்களுக்குத் தோணுது அண்ணி. அன்னைக்கி மாதிரி. கண்ணை மூடுங்க," என்றாள். மூடினேன். அவள் சமையலறைக்குப் போனாள். டப்பாக்களை நகர்த்தினாள். திரும்பி வந்து மண்டி போட்டாள், அவள் முட்டி தரையில் இடித்தது. என் மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள். "இது என்ன?" ஒன்றும் இல்லை. "தெரியல," என்றேன். "நல்லா இழுங்க." இழுத்தேன். "தெரியல." அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். டொப் என்று ஒரு சத்தம், கூடவே உள்ளே கிடக்கிற ஸ்பூன் தகரத்தில் உரசுகிற சத்தம். காபித்தூள் டப்பா. தினமும் காலையில் கண் விழிக்கும் முன்னே நான் கேட்கிற சத்தம். அவள் டப்பாவை இன்னும் கிட்டே நீட்டினாள், ஸ்பூன் மறுபடியும் உரசியது. "இது? அண்ணி, இது தெரியாம இருக்காது. சொல்லுங்க." காபி என்று ஒரு வார்த்தை. அவள் எழுந்து போவாள், கார் வரும், எல்லாம் என் பிரமை என்று ஆகிவிடும். அவளே அதைத்தான் கேட்கிறாள். சொல்லுங்க, என்றாள் மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி. வாயில் அந்த வார்த்தையின் முதல் எழுத்து வந்து நின்றது. "தெரியல ராணி," என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காரவில்லை, உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். எழுந்து, வாசலுக்குப் போய், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து மேலே பார்த்து, "நர்மதா, எறங்கும்போது எங்க வீட்டுக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போம்மா," என்றாள். "என்னக்கா?" என்று மேலேயிருந்து கேட்டது. "வாயேன், சொல்றேன்." பிறகு அங்கேயே, படியில், புதுப் புடவையோடு உட்கார்ந்தாள். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. போனை எடுத்தாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. "அம்மா... இல்ல, கெளம்பல. வண்டி... வண்டி ரிப்பேராம்மா. தெரியல. நாளைக்குப் பாக்கறேன். அப்பா காதுல போன வையேன்." போனை மற்ற காதுக்கு மாற்றினாள். பிறகு, "அப்பா. நான்தாம்ப்பா," என்றாள், அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நான் கட்டிலின் சட்டத்தில் முழங்கையை ஊன்றி எழுந்தேன். யாரும் பிடிக்காமல் எழுந்தால் முதல் அடியில் குதிகாலிலிருந்து இடுப்புவரை ஒரு கம்பி ஏறும், ஏறியது. அது இறங்கும்வரை நின்றேன். சுவரோடு நகர்ந்தேன். தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறியின் காற்று என்மேல் பட்டு என் அறையிலிருந்து ஹாலைத் தாண்டி வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, ராணியின் முந்தானை நுனி அதில் படபடத்தது. சுவிட்ச் போர்டு வரைக்கும் போய், விரல் மடங்காததால் மணிக்கட்டை வைத்து அழுத்தி, மின்விசிறியை நிறுத்தினேன்.